தர்மபுரியிலிருந்து ராயக்கோட்டை: அரை நாளில் ஒரு மலைக்கோட்டை

தர்மபுரிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதமே ஒகேனக்கல் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டாவது மாதம் கேள்வி ஆரம்பிக்கும். "சார், பக்கத்துல ராஜா காலத்துக் கோட்டை ஏதாவது இருக்கா? காலைல போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும்."

இருக்கிறது. ஆனால் அதியமான்கோட்டை என்ற பெயரைப் பார்த்துவிட்டு அங்கே ஓடாதீர்கள். தகடூரை ஆண்ட அதியமானின் ஊர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனின் ஊர், எல்லாம் சரி. இன்று போனால் காலபைரவர் கோயிலைக் கும்பிடலாம், சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களைப் பார்க்கலாம். கண் நிறையப் பார்க்கக் கோட்டை என்று அங்கே எதுவும் நிற்கவில்லை. கிருஷ்ணகிரி நகரத்தின் தலைக்கு மேலேயே சையத் பாஷா மலையில் ஒரு கோட்டை நிற்கிறது. அதுவும் நல்ல கோட்டைதான். ஆனால் அரை நாள் பஸ் பயணம், கொஞ்சம் மலையேற்றம், திரும்பி வரும்போது கையில் ஒரு பை தக்காளி என்று கேட்டால் என் ஓட்டு ராயக்கோட்டைக்குத்தான்.

புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நான் பத்து தடவையாவது அங்கே போயிருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாதிப் பேர் அரண்மனையை எதிர்பார்த்து வருகிறார்கள். அதற்கு நம் பகுதியின் பழைய பெயரும் ஒரு காரணம். இந்த வட்டாரத்துக்குப் பாரமகால் என்று பெயர், அதாவது பன்னிரண்டு மகால்கள். போனதடவை ஒரு சிறுவன் மேலே ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "அங்கிள், மகால் எங்கே?" என்று கேட்டான். மகால் இல்லை. தூண் வைத்த மண்டபம், சிம்மாசனம், கண்ணாடிப் பெட்டிக்குள் வாள் எதுவும் இல்லை. மதில், வாசல், இடிந்த அறைகள், பாறைச் சுனைகள், அப்புறம் காற்று. இதைப் பஸ் ஏறும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். மேலே போய்ச் சொன்னால் சண்டை வரும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். பங்குனி, சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். பாறை ஒன்பது மணிக்கே தோசைக்கல் ஆகிவிடும். நிழலுக்கு மரம் குறைவு. ஐப்பசியில் மழை விட்டிருக்கிறதே என்று கிளம்பலாம். ஆனால் ஈரப் பாறையில் பாசி இருக்கும், வழுக்கும். மழைக்கு மறுநாள் போவதைவிட ஒரு வாரம் தள்ளிப் போடுவது மேல்.

இந்தப் பயணத்தில் உங்கள் எதிரி தூரம் அல்ல, வெயில். தர்மபுரியிலிருந்து ராயக்கோட்டை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இது: காலை 6 மணிக்குப் பஸ்ஸில் இருக்க வேண்டும். 7.30க்கு ராயக்கோட்டையில் டிபன். 8 மணிக்கு ஏற ஆரம்பம். 9 மணிக்கு மேலே. 10.15க்கு இறங்க ஆரம்பம். 11 மணிக்குக் கீழே. 11.30 வாக்கில் பஸ் பிடித்தால் ஒரு மணிக்கு வீட்டில் சாப்பாடு. "ஏழரைக்குக் கிளம்பினா போதாதா, ஞாயிற்றுக்கிழமைதானே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். போதாது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நீங்கள் உச்சி வெயிலில் திருப்பிக் கொடுப்பீர்கள்.

பஸ்ஸா, வேனா

நாலு பேர், ஆறு பேர் என்றால் அரசு பஸ்தான். பத்துப் பதினைந்து பேர் என்றால் வேன் பேசலாம். செலவைத் தலைக்குப் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது, வயதானவர்களுக்கும் வசதி.

வேன் பேசும்போது அரை நாள் வாடகை என்று வாய் வார்த்தையில் முடித்துக்கொள்ளாதீர்கள். நாலு விஷயத்தைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். வாடகை எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு? எத்தனை மணி நேரம் வரை, அதற்கு மேல் காத்திருந்தால் என்ன கணக்கு? டீசல் அவர்களுடையதா, உங்களுடையதா? டிரைவர் பேட்டா வாடகையில் சேர்ந்ததா, தனியா? போகவர 90 கிலோமீட்டர்தான், ஆனால் ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் தூரத்தையும் மீட்டரில் சேர்ப்பவர்கள் உண்டு. பேசி முடித்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு, அவர்களிடம் 'ஓகே' வாங்கிவிடுங்கள்.

அதிலேயே வண்டி என்ன வண்டி, எத்தனை சீட் என்பதையும் எழுதுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை இருபது சீட் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தோம். விடிகாலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் வந்து நின்றது பதினாலு சீட் வண்டி. கேட்டதற்கு, "அது சபரிமலைக்குப் போயிடுச்சு சார், இதுலயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். பதினெட்டுப் பேர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். பெரியப்பா ஒருவர் பாலக்கோடு வரைக்கும் தக்காளிக் கூடை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்; இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வண்டிகளை எல்லாம் பிடித்துவிடுவார்கள். அந்த மாதங்களில் வேன் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரயிலும் உண்டு. சேலம்–பெங்களூரு பாதையில் தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை எல்லாமே ஸ்டேஷன்கள். ஆனால் அரை நாளுக்குள் திரும்பி வர ரயில் நேரம் ஒத்துவர வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பஸ் ஏறும் இடத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு இரண்டு வழி. ஒன்று, பெரிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி போய் அங்கிருந்து ஓசூர். இன்னொன்று, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர். இரண்டிலும் முன் போர்டில் 'ஓசூர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். புதிதாக வந்தவர்கள் தவறுவது இங்கேதான். என் நண்பர் ஒருவர் மாமனார் மாமியாருடன் முதல் வண்டியில் ஏறி, நன்றாகத் தூங்கி, கண் விழித்துப் பார்த்தபோது கிருஷ்ணகிரி மேம்பாலம். அங்கே இறங்கி ராயக்கோட்டை பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் மணி பத்தாகிவிட்டது. மாமனார் அடிவாரத்திலிருந்தே மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆகவே போர்டைப் பார்த்து ஏறாதீர்கள், வாயால் கேளுங்கள். "பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாப் போகுமாண்ணா?" என்று கண்டக்டரிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். கூடவே, "ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டுல நிக்குமா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை கையில் வைத்திருங்கள். காலை முதல் டிரிப்பில் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் எந்தக் கண்டக்டரும் சிரிக்க மாட்டார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் டவுன் பஸ்ஸில்தான். ஓசூர் போகும் புறநகர் வண்டியில் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு.

கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். ராயக்கோட்டை போர்டு போட்ட வண்டி இல்லாவிட்டால் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிற வண்டியில் கேட்டுப் பாருங்கள்.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் போதும் என்று நினைப்பவர்கள் இறங்கும்போது மற்றவர் பாட்டிலைப் பார்ப்பார்கள். தொப்பி அல்லது துண்டு. பிடிப்புள்ள ஷூ, ரப்பர் செருப்பில் ஏறலாம், இறங்கும்போதுதான் அது காலை வாரும். வெல்லம் போட்ட கடலை உருண்டை. குரங்கு வந்தால் பிடுங்கிக்கொள்ளாதபடி ஜிப் வைத்த முதுகுப் பை. கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டும், வாசனையும் புகையும் அதற்கு ஆகாது. இதே காரணத்துக்காக மேலே பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

வழியில் தூங்காதீர்கள்

பாலக்கோடு வரை தூங்கினால் மன்னிக்கலாம். மாரண்டஅள்ளி தாண்டியதும் விழித்துக்கொள்ளுங்கள். கரும்பு, தக்காளி, பூந்தோட்டம் என்று தட்டையாக வந்த நிலம் மெல்ல மாறும். இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைக் குன்றுகள் நெருங்கி வரும், பஸ் கியர் மாற்றும், காதில் லேசாகக் காற்று அடைக்கும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி அதில் பாதிதான். நீங்கள் இப்போது ஏறிக்கொண்டிருப்பது தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்குப் போகும் கணவாய். பழைய ஆங்கிலக் குறிப்புகளில் இதைப் பாலக்கோடு கணவாய் என்றே எழுதுகிறார்கள். இந்த வழியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதுதான் ராயக்கோட்டை. மேலிருந்து பார்த்தால் அதை ஏன் அங்கே கட்டினார்கள் என்று சொல்லாமலே புரியும். ஆனால் பஸ் ஏறிய மேட்டை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ராயக்கோட்டையில் இறங்கியதும் முதல் வேலை டிபன். இட்லி, போண்டா போதும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற முடியாது. கடையில் பக்கத்து மேஜையில் தெலுங்கு கேட்கும், கன்னடம் கேட்கும், கல்லாவில் இருப்பவர் தமிழில் கணக்குச் சொல்வார். கழிப்பறைத் தேவை இருந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே எதுவும் கிடையாது. அப்புறம் யாரையாவது, "கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள். கை நீட்டும் திசையில் மலை பெரிதாக நிற்கும், தவற வாய்ப்பில்லை. கேட்பதற்குக் காரணம் வேறு. வெளியூர்க்காரர்கள் மலைக்குப் போகிறார்கள் என்பது கீழே நாலு பேருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: "யானை ஏதாவது இந்தப் பக்கம் வந்திருக்குதா?" சிரிக்காதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானைக் கூட்டம் உண்டு. ராகி கதிர் முற்றும் காலத்தில் சானமாவுக் காட்டுப் பக்கமெல்லாம் இறங்கி வரும். வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த நாளில் மலையை விட்டுவிட்டுத் தக்காளி மண்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

ஏற்றம்

இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை இது. நான் போன தடவைகளில் யாரும் டிக்கெட் கேட்டதில்லை. காவலர் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். சுவரில் பெயர் கிறுக்குவது, கல்லைப் பெயர்ப்பது எல்லாம் சட்டப்படி குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காதலர் பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

முதல் கால் மணி நேரம் மெதுவாக ஏறுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுவிட்டால் நின்று மூச்சு வாங்குங்கள். எல்லாரும் செய்கிற தப்பு, கல்லூரிப் பையன்களைப் பார்த்து ரோஷப்பட்டு முதல் இருபது நிமிடத்திலேயே மூச்சைத் தீர்த்துக்கொள்வது. கோட்டைப் படிகள் நம் வீட்டுப் படிகள் மாதிரி ஒரே அளவில் இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை ஜாண். கண் படியில் இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். நடந்துகொண்டே செல்ஃபி எடுப்பவரை எங்கள் குழுவில் நடுவில் நடக்க வைப்போம்.

குழுவுக்கு முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் புதருக்குள் கையை விடக் கூடாது, சுவர் ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பாம்புக்கு அதுதான் வீடு.

வழியில் ஒரு இடத்தில் நான் எல்லாரையும் உட்கார வைத்துவிடுவேன். பாறையில் வரிசையாகச் சிறு சிறு குழிகள் இருக்கும்; இரண்டு விரல் நுழையும் அளவு, கோடு போட்ட மாதிரி ஒரே நேரில். மழையோ குரங்கோ செய்ததல்ல. மதிலுக்குக் கல் உடைத்தவர்களின் கைவேலை. உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே வந்தால் பாறை அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளும். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுடைப்பவர்களுக்கு இன்றைக்கும் தெரிந்த வேலைதான் இது. சில குழி வரிசைகளில் கல் பிளக்கவே இல்லை. குழி மட்டும் மிச்சம். பாறை மக்கர் பண்ணியதோ, கூலி நின்றுபோனதோ, எதிரி வந்துவிட்டானோ. ஒரு தடவை எங்களோடு வந்த பெண் குழந்தை ஒவ்வொரு குழியிலும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தது, பதினொன்றில் நின்றுவிட்டு, "பன்னெண்டாவது ஏன் போடல?" என்றது. யாருக்கும் பதில் தெரியவில்லை.

மதிலை எப்படிப் பார்ப்பது

மதிலருகே வந்ததும் உடனே அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கத் தோன்றும். முதலில் அடியிலிருந்து பாருங்கள். கீழே பெரிய பெரிய கற்கள். இடைவெளிகளில் சின்னக் கல் சில்லுகளை ஆப்பு மாதிரி செருகியிருப்பார்கள். மேலே போகப் போக வேலை மாறியிருக்கும் இடங்களைத் தேடுங்கள்: செங்கல், சுண்ணாம்புக் காரை, துப்பாக்கி நீட்டுவதற்கான ஓட்டைகள். இப்படிக் கைவேலை மாறும் இடங்கள் ஒரே ஆள் ஒரே காலத்தில் கட்டிய மதில் அல்ல என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்பும் ஈட்டியும் போய்த் துப்பாக்கி வந்த காலத்தில், இருந்த மதிலுக்கு மேலே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஓட்டைகளில் ஒன்றில் கண்ணை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் அகலம், வெளிப்பக்கம் குறுகல். சுடுகிறவன் இப்படியும் அப்படியும் துப்பாக்கியைத் திருப்பலாம். வெளியில் இருப்பவனுக்குக் குறி வைக்க ஒரு கோடுதான் கிடைக்கும். பெரும்பாலும் அந்த ஓட்டை பார்ப்பது நீங்கள் இப்போது மூச்சு வாங்கி ஏறி வந்த வழியைத்தான். வாசலுக்கு முன் பாதை சட்டென்று திரும்புவதும் இதனால்தான். யானையோ ஆளோ நேராக ஓடி வந்து கதவை முட்ட முடியாது.

மேலே

உச்சிக்கு வந்ததும் கால் மணி நேரம் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், உட்காருங்கள். காற்று பலமாக இருக்கும், தொப்பி பத்திரம்.

இப்போது கதையைச் சொல்லலாம். ஒரு பக்கம் ஓசூர்ப் பீடபூமி. மறுபக்கம் நீங்கள் வந்த பாலக்கோட்டுச் சமவெளி. மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இருந்த காலத்தில், கீழே சமவெளிக்குப் படை இறங்கவும் மேலே ஏறவும் இந்தக் கணவாயும் இதுபோன்ற இன்னும் சிலவும்தான் கதவுகள். 1791 மே மாதம் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை படையோடு போய்விட்டுத் திரும்பினார். தோற்று அல்ல, பட்டினியால். வண்டி மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்து, பெரிய பீரங்கிகளை இழுக்க மாடு இல்லாமல், அவற்றை அவர்களே உடைத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த தடவை போக வேண்டுமென்றால் தமிழ்ச் சமவெளியிலிருந்து அரிசியும் மாடும் தடையில்லாமல் மேலே வர வேண்டும். அதற்கு வழியில் உட்கார்ந்திருக்கும் இந்த மலை கைக்கு வர வேண்டும். அந்த ஜூலை மாதமே மேஜர் கௌடி என்பவரை அனுப்பினார்கள். கீழ்க்கோட்டை முதலில் விழுந்தது, மேல்கோட்டை பிறகு பணிந்தது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னையின் கவர்னரானவர். 1799 வரை ஏழு வருடம் இந்தப் பக்கம்தான் மன்றோவின் வாசம். அந்த 1799 மார்ச்சில் கும்பினியின் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை கூடாரம் அடித்தது நீங்கள் இப்போது குனிந்து பார்க்கும் இந்தக் கோட்டையின் அடிவாரத்தில். இங்கிருந்துதான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தார்கள். இரண்டு மாதத்தில், மே 4ஆம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெறும் சந்தைக்கடை ஊராகத் தெரிந்தது, அந்தப் படை கிளம்பிய இந்த ராயக்கோட்டைதான்.

மகால் கேட்ட அந்தச் சிறுவனுக்கு இதைச் சொன்னேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி: "இவ்வளவு பேரு மேல இருந்தா தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?" மலைக்கோட்டையில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் தண்ணீர் தீர்ந்தால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். பாறைப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகளைப் பாருங்கள். பாறைச் சரிவு எப்படித் தண்ணீரை அந்தப் பக்கம் அனுப்புகிறது என்பதையும் பாருங்கள். இன்று அது பச்சைப் பாசி படிந்த தண்ணீர். குடிக்க வேண்டாம், இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். ஆழம் வெளியில் தெரியாது, ஓரம் வழுக்கும். குழந்தைகளைச் சுனைக்கரையில் தனியே விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கத்துவேன்.

இடிந்த அறைகளுக்குள் வெளியில் நின்று பார்த்தால் போதும். கூரை மிச்சம் இருக்கும் இடத்தில் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவது வேண்டாம். கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் கீழே உங்களோடு இறங்கட்டும்.

இறக்கம்

10.15 ஆனதும் கிளம்பிவிடுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். பக்கவாட்டில் காலை வைத்து, வளைந்து வளைந்து இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் உட்கார்ந்து நகர்வதில் வெட்கம் இல்லை. வேட்டி கட்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம். ஒரு தடவை பாதி வழியில் ஆடு மேய்க்கும் பாட்டி எங்களைப் பார்த்து, "மெதுவாப் போங்க சாமி, மல எங்கியும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்.

ஊருக்குள் அரை மணி நேரம்

பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் தக்காளி மண்டிப் பக்கம் போய் வாருங்கள். ராயக்கோட்டை என்றால் வெளியூர் வியாபாரிகளுக்குக் கோட்டை ஞாபகம் வராது, தக்காளிதான் வரும். பிளாஸ்டிக் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். லாரி பின்பக்கம் காட்டி நிற்கும். கிரேட் என்ன விலை போகிறது என்பதில்தான் அன்றைக்கு ஊர் சிரிக்கிறதா, முகம் சுளிக்கிறதா என்பது இருக்கிறது. விலை சரிந்த நாளில் ரோட்டோரம் கொட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாளில் இரண்டு கிலோவுக்குப் பேரம் பேசாதீர்கள்.

தை மாதத்தில் போனால் அவரைக்காய் வாங்குங்கள். கொட்டையை உரித்தெடுத்து, ஊற வைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைத்து, ராகிக் களியோடு சாப்பிட வேண்டிய பொருள் அது. செய்முறை தெரியாவிட்டால் விற்கும் அம்மாவிடமே கேளுங்கள், சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னும் அரைக் கிலோ சேர்த்து விற்றுவிடுவார். வழிக்குக் கொறிக்க, நம் தட்டை மாதிரியான நிப்பட்டு இருந்தால் ஒரு பொட்டலம்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: "பாலக்கோடு வழியா தர்மபுரிதானே?" உட்கார இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், மலை இறங்கிய காலோடு ஒன்றரை மணி நேரம் நிற்பது கொடுமை. தக்காளிப் பையை மேல் கம்பியில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை மேலே வைத்தேன். மாரண்டஅள்ளி வளைவில் ஒரு பிரேக். முன் சீட்டில் இருந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.